மண்வெட்டிப் பிடியும் கோல்ப் மட்டையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறக்குறைய ஆறு மைல் சென்றால் சுன்னாகம் சந்தியை அடையலாம். அ. குமாரசாமிப் புலவர் (1854 - 1922) வாழ்ந்த ஊர் என்று கற்றோர் அதனைப் போற்றுவர். மற்றையோர்க்கோ சுன்னாகம் என்றவுடன் நினைவுக்கு வருவது அதன் சந்தையே. செம்பாட்டு மண்ணில் விளைந்த வெங்காயமும், மிளகாயும், கத்தரிக்காயும், வாழைக்குலையும் அங்கே வந்து குவியும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

நாம் அச்சந்தைக்குப் போவது காய்கறி வாங்குவதற்கு மாத்திரமன்று. பொருள் வாங்குவோரைப் பார்ப்பதற்கும் போவதுண்டு. பூசணிக்காயை விரலால் தட்டி ஓசை கேட்பார் ஒருவர். வெங்காயத்தை அமுக்கிப் பார்ப்பார் இன்னொருவர். இவர்கள் எல்லாரினும் எம்மை நின்று பார்க்கச் செய்பவர், அருகிலுள்ள இரும்புக் கடையில் மண்வெட்டி வாங்க வந்த கமக்காரரே. அவர் முதலில் விலை கேட்பதில்லை. மண்வெட்டியைத் தூக்கி, அதன் பாரம் எந்தப் பக்கம் சாய்கின்றது என்று பார்ப்பார். அலகை நிலத்தில் வைத்து, அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள சாய்வைக் குனிந்து நோக்குவார். பிடியைத் தம் உடம்போடு சார்த்தி நீளம் அளப்பார். நெட்டையனுக்கு அமைந்த பிடி குட்டையனின் நாரியை முறித்துவிடும் என்பது அவர் பட்டறிந்த உண்மை. இவையெல்லாம் முடிந்த பின்னரே விலைப் பேச்சுத் தொடங்கும்.

இந்த மண்வெட்டிச் சாத்திரம் நுவரெலியாவின் குளிரில், பணம் படைத்தோர் விளையாட்டு எனப்படும் கோல்ப் விளையாட்டு மைதானத்தில் எமக்குக் கைகொடுக்கும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. அது நேர்ந்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

வீட்டில் எழுந்த வழக்கு

எமது தங்கையின் மகன் பட்டப் படிப்பை முடித்து, நுவரெலியாவில் ஒரு வங்கியில் உத்தியோகம் ஏற்றிருந்தான். அவனுடைய தந்தையார் சுன்னாகத்திற் கமஞ் செய்பவர். உழைப்பே தெய்வம் என்று வாழ்பவர். ஒருநாள் மாலை தங்கை எம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் தேநீரைத் தொடவில்லை.

"அண்ணை, அவன் ஏதோ பந்தடிக்கிற தடி வாங்கப் போறானாம். ஒண்டு இரண்டில்லை, பதினாலு தடியாம். கிணத்து மெசினுக்கெண்டு சேர்த்து வைச்ச காசு முழுக்க அதுக்குப் போகப் போகுது."

"மச்சான் என்ன சொல்லுறார்?" என்று கேட்டோம்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் பயந்தது நியாயமே. கோபித்துப் பேசும் தகப்பனோடு மகன் சமாதானம் ஆகலாம். பேசாதிருக்கும் தகப்பனோடு எவ்வாறு சமாதானம் ஆவது? பழைய நீரிறைக்கும் இயந்திரம் நாளுக்கு நாள் நோய்ப்பட்டுக் கொண்டிருந்தது. புதியதொன்று வாங்கித் தருவதாக மகனே வாக்களித்திருந்தான். இப்போது அந்தப் பணம் ஒரு பையளவு தடிகளாக மாறப் போகின்றது என்றால், தோட்டத்தில் வெயிலில் நிற்பவர் மனம் என்ன பாடுபடும்!

நாம் மருமகனுக்குச் சற்றுக் கடுமையாகவே ஒரு கடிதம் எழுதினோம். அவனிடமிருந்து வந்த மறுமொழி எம் கடுமையைத் தணித்துவிட்டது. "மாமா, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தார் எல்லாரும் அந்த மைதானத்தில்தான் இருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அதைப்பற்றியே பேசுவார்கள். நான் மட்டும் வேலிக்கு வெளியே நிற்பவனாக இருக்கின்றேன்" என்று அவன் எழுதியிருந்தான். ஊரை விட்டுத் தூரத்தே போய் உத்தியோகம் பார்க்கும் இளைஞனின் தனிமை அந்த வரிகளில் இருந்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டென்று கண்டபின், நேரிற் போய்ப் பார்ப்பதே முறை என்று துணிந்து, பாடசாலை விடுமுறையில் பயணமானோம்.

புகைவண்டிப் பயணம்

சுன்னாகம் புகையிரத நிலையத்தில் வண்டியேறும்போதெல்லாம் எமக்குப் பழைய நினைவுகள் எழுவதுண்டு. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பாதை 1902 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. யாழ்தேவி 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. யுத்தத்தினால் 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான வண்டிகள் நின்றபோது, தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளுங்கூட மறைந்து போயின. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஆம் ஆண்டு சனவரியில் சுன்னாகத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரையும் வண்டி மீண்டும் வந்தது. கால் நூற்றாண்டு கழித்து ஊதல் கேட்டவர்களுக்கு அந்த ஓசை மங்கல வாத்தியமாகவே ஒலித்தது.

பொல்காவலையில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்குச் சென்று, நண்பர் ஒருவர் வீட்டில் இரவு தங்கி, மறுநாட் காலை பதுளை செல்லும் வண்டியில் ஏறினோம். பனையும் வேலியும் கண்டு பழகிய கண்களுக்கு அந்த மலைப்பாதை ஒரு புதிய உலகம். வண்டி மூச்சிரைக்க மேலே ஏற ஏற, தேயிலைச் சரிவுகள் பச்சைப் படிகள்போல் இறங்கிச் செல்கின்றன. நுவரெலியா நகருக்குப் புகையிரத நிலையம் இல்லை. ஏறக்குறைய ஐந்து மைல் தூரத்திலுள்ள நானுஓயாவில் இறங்கி வீதிவழியாக மேலே ஏறவேண்டும். மருமகன் நிலையத்தில் காத்து நின்றான். கம்பளிச் சட்டை கொண்டுவராத மாமாவுக்காகக் கையிலே ஒன்றை வைத்துக்கொண்டு நின்ற அவனைக் கண்டபோது, இவன் கெட்டுப் போகவில்லை என்று எமக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மலையிலே ஒரு புல்வெளி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 8,281 அடி உயரமுடைய பிதுருதலாகலை மலை நகருக்குக் காவல்போல் நிற்கின்றது. தேசாதிபதி கிரெகரியின் பெயர் தாங்கிய ஏரி ஒரு பக்கத்தில் பளபளக்கின்றது. இவற்றிற்கிடையே, நகரின் நடுவிலேயே, பதினெட்டுக் குழிகளைக் கொண்ட கோல்ப் மைதானம் விரிந்து கிடக்கின்றது. அங்குள்ள கழகம் 1889 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கொழும்பில் கழகம் அதற்குப் பத்தாண்டு முன்னர், 1879 இல், காலிமுகத் திடலில் தொடங்கி, 1928 இல் 'ரோயல்' என்ற பட்டம் பெற்றது. கல்கத்தாக் கழகம் இவ்விரண்டுக்கும் மூத்தது. அது 1829 ஆம் ஆண்டிலே பிறந்தது.

இவ்விளையாட்டின் தாயகம் ஸ்கொத்லாந்து. அங்கே 1457 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கூடி இதனைத் தடைசெய்தது என்றால் மாணவர்கள் வியப்படைவர். இளைஞர்கள் வில்வித்தையை மறந்து பந்தின் பின்னே திரிகின்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. எமது மைத்துனரின் மௌனத்துக்கு ஐந்நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட முன்னுதாரணம் உண்டென்று சொன்னபோது மருமகன் வாய்விட்டுச் சிரித்தான்.

இன்னொரு செய்தியும் நம்மவர்க்குச் சுவையானது. இறகை அடைத்துத் தோலால் தைத்த பந்துகளே முற்காலத்தில் வழங்கின. அவை விலை கூடியவை. மழையில் நனைந்தால் கெட்டுவிடுவன. 1848 ஆம் ஆண்டளவில் 'கட்டாபேர்ச்சா' என்னும் மரப்பாற் பந்து வந்தபின்னரே இவ்விளையாட்டுச் சாதாரண மக்களுக்கும் எட்டியது. அம்மரப்பால் மலாயாத் தேசத்துக் காடுகளிலிருந்து போனது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் உத்தியோகம் தேடி மலாயாவுக்குக் கப்பலேறுமுன்னரே, மலாயாவின் மரப்பால் ஸ்கொத்லாந்துக்குக் கப்பலேறிவிட்டது.

பதினான்கு மட்டைகள் எதற்கு?

மறுநாள் அதிகாலையில் மைதானத்துக்குச் சென்றோம். மூடுபனி புல்லின்மேற் படிந்திருந்தது. அங்கே மட்டைப் பை சுமக்கும் தொழிலில் தலை நரைத்த ஒரு பெரியவரை மருமகன் எமக்கு அறிமுகம் செய்தான். மலையகத் தமிழர், இனிய சுபாவம் உடையவர். மைதானத்தைச் சுற்றிக் காட்டியபடியே அவர் சொல்லிய விபரங்களிலிருந்து நாம் தெரிந்துகொண்டதைச் சுருக்கிக் கூறுவோம்.

கோல்ப் மட்டைக்கு மூன்று உறுப்புக்கள் உண்டு. கையிற் பற்றுவது பிடி, நடுவிலுள்ளது தண்டு, பந்தை அடிப்பது தலை. தலையின் முகம் எவ்வளவு பின்னே சாய்ந்திருக்கின்றதோ அவ்வளவு உயரமாகப் பந்து எழும். எழும் உயரம் கூடக் கூடச் செல்லும் தூரம் குறையும். இதுவே எல்லா மட்டைகளுக்கும் பொதுவான கணக்கு. முதல் அடிக்கு உதவும் நீண்ட மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். அதன் நீளம் ஏறத்தாழ 45 அங்குலம். முகச் சாய்வு 10 பாகை அளவு. ஏழாம் இலக்க இரும்பு மட்டையின் நீளம் 37 அங்குலம் அளவு. சாய்வு 30 முதல் 34 பாகை வரை. மணற் பள்ளத்திலிருந்து பந்தைக் கிளப்பும் மட்டைக்குச் சாய்வு 55 பாகை அளவில் இருக்கும். இலக்கம் ஏற ஏற மட்டை குட்டையாகும்; பந்து உயர எழும். குழியருகே பந்தை உருட்டுவதற்கு 'பட்டர்' எனப்படும் மட்டை தனியே உண்டு.

தண்டுகள் ஒரு காலத்தில் ஹிக்கறி மரத்தினால் ஆனவை. உருக்குத் தண்டை ஸ்கொத்லாந்தின் செயிண்ட் அன்றூஸ் சபையார் 1929 ஆம் ஆண்டில் அனுமதித்தனர். உருக்குத் தண்டு வந்தபின் மட்டைகளின் தொகையும் பெருகிற்று. சிலர் இருபதுக்கு மேலும் சுமந்து திரிந்தனர். எனவே அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டிலும், செயிண்ட் அன்றூஸ் விதிப்படி 1939 ஆம் ஆண்டிலும், ஒருவர் பதினான்கு மட்டைக்கு மேற் கொண்டு செல்லலாகாது என்று வரம்பு கட்டப்பட்டது.

இங்கேதான் எமது மருமகன் மட்டுமன்றிப் பலரும் வழுக்கி விழும் இடம் இருக்கின்றது. பதினான்குக்கு மேற் கூடாது என்பதே விதி. பதினான்கு இருந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை!

"ஆரம்பத்துல ஆறு ஏழு போதுங்க. எல்லாத்தையும் வாங்கிட்டா எதை எடுக்கறதுன்னே தெரியாம நிப்பாங்க" என்றார் பெரியவர். பாடசாலையில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு அகராதியும் இலக்கணமும் ஒருங்கே வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். அவர் சொல்லியது எமக்கு உடனே விளங்கிற்று.

மண்வெட்டிச் சாத்திரம்

மருமகன் வாங்கக் கருதிய பதினான்கு மட்டைகளையும் அன்று பார்க்க முடிந்தது. ஊரை விட்டுப் போகும் ஒருவர் அவற்றை விற்க வைத்திருந்தார். தோற்பை பளபளத்தது, மட்டைகள் கண்ணாடிபோல் மின்னின. கேட்ட விலை மருமகனின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அவன் அவற்றைப் பார்த்த பார்வையில் ஆசை ததும்பிற்று.

நாம் கோல்ப் அறியோம். ஆனால் சுன்னாகம் சந்தையை அறிவோம். "தம்பி, நேராக நில். கையைத் தொங்கவிடு" என்றோம். கமக்காரர் பிடியை உடம்போடு சார்த்தி அளப்பதுபோல, அவன் மணிக்கட்டிலிருந்து நிலம் வரையுள்ள உயரத்தை அளந்து பெரியவரிடம் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. "அதேதாங்க! ஆளோட ஒசரம் மட்டும் பார்த்தாப் போதாது. கை நீளமா இருந்தா மட்டை குட்டையாத்தான் வேணும்" என்றார்.

அடுத்து, பந்தடிக்க நிற்பதுபோல் நின்று, ஏழாம் இலக்க மட்டையை நிலத்தில் வைக்கச் செய்தோம். அலகின் நுனி நிலத்தைத் தொடாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நெட்டையான ஒருவருக்கு அமைந்த மட்டை, எமது ஐந்தடி நாலங்குல மருமகன் கையில் வேறு எவ்வாறு நிற்கும்? நுனி தூக்கி நின்றால், வலக்கையாளர் அடிக்கும் பந்து இடப்பக்கமாய் ஓடிவிடுமாம். நுனி நிலத்தில் அழுந்தினால் வலப்பக்கமாய்ப் போகுமாம். பிடியைப் பற்றிப் பார்த்தான். இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை மெல்லத் தொட்டால் பிடி அளவானது. எட்டாது நின்றால் தடிப்பு, அழுந்திக் குத்தினால் மெலிவு. அவனுக்கு எட்டவில்லை.

தண்டையும் பெரியவர் வளைத்துக் காட்டினார். அது விறைப்பு மிகுந்தது. வேகமாக வீசும் வலியவர்க்கே உதவுவது. தலையோ ஓரம் மெலிந்தது. நடுவிற் படாமற் சற்று விலகிப் பட்டாலும் கை அதிரும், பந்தும் போகாது. கற்பவர்க்கு ஏற்றது, பின்புறம் குழிந்து, பாரம் ஓரங்களில் பரவிய தலையே; அது சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் பிழை பொறுக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதுபோல!

மருமகன் மௌனமானான். சிறிது நேரங் கழித்து, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார், மாமா" என்றான். நாம் நூறு மைல்களுக்கு மேற் பயணஞ் செய்து கேட்க வந்த வார்த்தை அதுவே.

கற்றபின் வாங்கினான்

அன்று அவன் எதையும் வாங்கவில்லை. மைதானத்தில் வாடகைக்கு மட்டை எடுத்து, பயிற்றுவிப்பவர் ஒருவரிடம் வாரந்தோறும் ஒரு மணிநேரம் கற்கத் தொடங்கினான். பயில்வோர்க்குப் பதினான்கு மட்டை தேவையில்லை என்பது இரண்டு வாரத்தில் அவனுக்கே புலப்பட்டது. முதல் மாதம் முழுவதும் ஏழாம் இலக்க மட்டை ஒன்றையே அவனுக்குக் கொடுத்தார்களாம். தன் கை எவ்வளவு வேகமாக வீசும், பந்து எப்பக்கம் ஓடும் என்பதை அறிந்த பின்னரே அவன் கடைக்குச் சென்றான்.

மூன்று மாதம் கழித்து அவன் வாங்கியவை ஏழு: ஐந்தாம் இலக்க 'வுட்' ஒன்று, இரும்புக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட கலப்பு மட்டை ஒன்று, ஏழாம், ஒன்பதாம் இலக்க இரும்புகள், அண்மையில் உயரத் தூக்கும் மட்டை ஒன்று, மணல் மட்டை ஒன்று, பட்டர் ஒன்று. ('வுட்' என்பது மரம் என்று பொருள்படினும், 1979 ஆம் ஆண்டில் உலோகத் தலை வந்தபின் மரத்தலை மெல்ல மெல்ல மறைந்தது, பெயர் மாத்திரம் எஞ்சிற்று.) எல்லாம் முன்னர் ஒருவர் பாவித்தவை. தண்டில் துருவோ வெடிப்போ உண்டா, தலை தண்டோடு ஆடுகின்றதா, முகத்திலுள்ள கோடுகள் தேய்ந்து மழுங்கிவிட்டனவா என்று பார்த்தே எடுத்தான். பிடியின் றப்பர் மட்டும் காய்ந்து வழுக்கியது. பிடி மாற்றுவது சிறு செலவு. தண்டு மாற்றுவது பெருஞ் செலவு. ஆகவே பிடியை மாற்றி, தண்டை அரை அங்குலம் குறைத்துத் தன் உடம்புக்கு அமைத்துக்கொண்டான். செலவு முன்னைய விலையில் நாலில் ஒரு பங்குக்கும் உட்பட்டது. எஞ்சிய பணம் சுன்னாகத்துக்கு வந்தது. கிணற்றுக்குப் புதிய இயந்திரமும் வந்தது.

தைப்பொங்கலுக்கு ஊர் வந்தவன், அந்த ஏழாம் இலக்க மட்டையையும் கொண்டுவந்திருந்தான். முற்றத்தில் நாம் எல்லோரும் இருந்தோம். மைத்துனர் எதுவும் பேசாமல் மட்டையை வாங்கினார். தூக்கிப் பாரம் பார்த்தார். அலகை நிலத்தில் வைத்துக் குனிந்து சாய்வு பார்த்தார். பின்பு மகனிடம் கொடுத்து, அவனை நிற்கச் சொல்லி, பிடியின் நீளத்தைப் பார்த்தார். எமது தங்கை அடுப்படி வாசலில் மூச்சடக்கி நின்றாள்.

"பிடி சரி" என்றார் மைத்துனர். "ஆனா அலகு இந்த மினுக்கு மினுக்குது. இன்னும் வேலை செய்யேல்லைப் போல கிடக்கு."

மருமகன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரல்களின் அடியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. மைத்துனர் அதைத் தம் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அவருடைய கையிலும் அதே இடத்திற்றான் காய்ப்பு இருந்தது.

"ம். பிடிச்சுத்தான் இருக்கிறான்" என்று எம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார். மருமகன் மட்டையைத் திண்ணையிற் சார்த்திவிட்டு, வாய்க்கால் திருப்ப அவர் பின்னே போனான். சற்று நேரத்தில் புதிய இயந்திரம் நீர் இறைக்கும் ஓசை எம் காதில் விழுந்தது.